நாலு பாத்திரத்துக்கு எதுக்கு இன்ஷூரன்ஸ்?

படிக்கவோ வேலை பார்க்கவோ அமெரிக்கா வர்ற நம்ம பசங்ககிட்ட கார் இன்ஷூரன்ஸ் பத்திக் கேட்டுப் பாருங்க. எந்தக் கம்பெனி மலிவு, லயபிலிட்டி மட்டும் போதுமா, ஃபுல் கவரேஜ் எடுக்கணுமான்னு மணிக்கணக்கா பேசுவாங்க. அதே ஆளுங்ககிட்ட வீட்டு இன்ஷூரன்ஸ்னு வாயைத் திறந்தா, "ரெண்டு பொட்டி, ஒரு லேப்டாப், நாலு பாத்திரம். இதுக்கு எதுக்குண்ணே இன்ஷூரன்ஸ்?"ன்னு முடிச்சுடுவாங்க. டாலஸ் பக்கம் குப்பை கொட்ட ஆரம்பிச்ச நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக்கிட்டிருக்கேன். போன ஆகஸ்ட்ல எம்.எஸ். படிக்க வந்த என் அக்கா பையனும் அதையேதான் கேட்டான். "அண்ணே"க்குப் பதிலா "மாமா", அவ்வளவுதான் வித்தியாசம் :-)

அவனுக்கு போன்ல சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவா எழுதறேன். இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கம்மி. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கங்க.

முதல்ல அடிப்படை. நீங்க குடியிருக்கற அபார்ட்மென்ட்டுக்கு ஓனர் ஒரு இன்ஷூரன்ஸ் வச்சிருப்பார். "அதான் அவங்க வச்சிருக்காங்களே" என்பது பாதிப் பேரோட நினைப்பு. அவர் வச்சிருக்கறது அவரோட சுவருக்கும் கூரைக்கும். உங்க கட்டில், லேப்டாப், துணிமணி எதுவும் அதுல வராது. கூரையே இடிஞ்சு உங்க லேப்டாப் மேல விழுந்தாலும், கூரைக்குப் பணம் வரும், லேப்டாப்புக்கு வராது.

வாடகைக்கு இருக்கறவங்க எடுக்கறது ரெண்டர்ஸ் இன்ஷூரன்ஸ். இதுல மூணு முக்கியமான பகுதி இருக்கு. ஒண்ணு, உங்க பொருட்கள். தீ, புகை, திருட்டு, குழாய் வெடிச்சு வர்ற தண்ணி மாதிரி பாலிசியில பேர் சொல்லி எழுதியிருக்கற காரணங்களால போனா பணம் கிடைக்கும். வீட்டுக்குள்ளதான் போகணும்னு இல்லை. கார் கண்ணாடியை உடைச்சு லேப்டாப் பையை எடுத்துட்டுப் போனா, அது கார் இன்ஷூரன்ஸ்ல வராது, இதுலதான் வரும். ரெண்டாவது, வீடு குடியிருக்க லாயக்கில்லாம போனா வேற இடத்துல தங்கற செலவு. மூணாவது லயபிலிட்டி. அதாவது, உங்களால அடுத்தவங்களுக்கு வர்ற நஷ்டம். சாதாரணமா 100,000 டாலர்ல ஆரம்பிக்கும்.

பசங்க எல்லாரும் முதல் பகுதியை மட்டும் பார்த்துட்டு "நாலு பாத்திரம்"னு கணக்கு முடிச்சுடறாங்க. மூணாவதுதான் ஆளைக் கவுக்கற சமாச்சாரம். அதைச் சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

2009 ஜனவரி. இர்விங்ல ரெண்டு மாடி அபார்ட்மென்ட். கீழ் வீட்டுல நாங்க மூணு பிரம்மச்சாரிங்க. நான், ஒரு மதுரைக்காரர், ஒரு கும்பகோணத்துக்காரர். மேல் வீட்டுல புதுசா கல்யாணமான தமிழ் ஜோடி. பொங்கலுக்கு முந்தின நாள் அந்தப் பொண்ணு வடைக்கு எண்ணெய் காய வச்சிருக்கு. அந்த நேரம் பார்த்து ஊர்லேர்ந்து போன். அம்மாகிட்ட பேசிக்கிட்டே உள் ரூமுக்குப் போயிருக்கு. திரும்பி வர்றதுக்குள்ள வாணலி பத்திக்கிச்சு. யாருக்கும் ஒரு காயமும் இல்லை, கடவுள் புண்ணியம். கூரையில இருந்த ஸ்ப்ரிங்க்ளர் வெடிச்சு, தீயை ஒரு நிமிஷத்துல அணைச்சிடுச்சு.

தீ அணைஞ்சுது, தண்ணி நிக்கலை. ஸ்ப்ரிங்க்ளர் ஒரு தடவை திறந்தா, யாராவது வந்து வால்வை மூடற வரைக்கும் நிமிஷத்துக்கு 15, 20 கேலன் கொட்டிக்கிட்டே இருக்கும். ஃபயர் சர்வீஸ் வந்து மூடறதுக்குள்ள எங்க ஹால் சீலிங் ஊறி, பொதபொதன்னு பிஞ்சு கீழ விழுந்துடுச்சு. கார்ப்பெட்டுல கணுக்கால் அளவு சேறு மாதிரி ஒரு கலவை. அபார்ட்மென்ட் ஆபீஸ்ல வந்து பார்த்துட்டு, "இன்னிக்கு இங்க தங்க முடியாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

மூணு பேர்ல எனக்கு மட்டும் பாலிசி இருந்தது. தீர்க்கதரிசனம் எல்லாம் ஒண்ணும் இல்லைங்க. கார் இன்ஷூரன்ஸ் வாங்கறப்போ, இதையும் சேர்த்து எடுத்தா கார்ல தள்ளுபடின்னு ஏஜென்ட் சொன்னார். கணக்குப் போட்டா பாலிசி கிட்டத்தட்ட ஓசியில வந்துச்சு, எடுத்துட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு கம்பெனிக்கு போன் பண்ணினேன். ஒன்பது நாள் ஹோட்டல் செலவை அவங்க ஏத்துக்கிட்டாங்க. சாப்பாட்டுக்கு முழுசா தர மாட்டாங்க. வழக்கமா ஆகற செலவுக்கு மேல எவ்வளவு கூடுதலா ஆச்சோ அது மட்டும்தான்.

ரூம்மேட் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லை. ஒரே வீடு, ஒரே சீலிங், ஒரே தண்ணி. ஆனா பாலிசியில பேர் இருக்கறவரும், அவரோட வசிக்கற அவர் குடும்பத்தாரும்தான் கணக்குல வருவாங்க. ரூம்மேட் எவ்வளவு நெருங்கின சிநேகிதனா இருந்தாலும் கம்பெனிக்கு அவர் யாரோதான். கும்பகோணத்துக்காரர் சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டார். மதுரைக்காரர் என் ஹோட்டல் ரூம்ல தரையில படுத்துக்கிட்டார். அவரோட லேப்டாப் போச்சு, துணி போச்சு. அதைவிட, ஊர்லேர்ந்து கொண்டு வந்த ஒரிஜினல் டிகிரி சர்ட்டிஃபிகேட் ஃபைல் முழுக்க ஊறிடுச்சு. ராத்திரி ஒரு மணிக்கு முழிப்பு வந்து பார்த்தா, மனுஷன் ஹோட்டல் அயர்ன் பாக்ஸை லேசா சூடு பண்ணி, துண்டை மேல போட்டு, ஒவ்வொரு மார்க் ஷீட்டா தேய்ச்சுக் காய வச்சுக்கிட்டிருந்தார். அதுக்கெல்லாம் எந்தக் கம்பெனியும் பணம் தராது. ஸ்கேன் பண்ணி வேற எங்கேயாவது வச்சுக்கிட்டாதான் உண்டு.

நம்ம விஷயத்துக்கு இதைவிட முக்கியம், மேல் வீட்டு ஜோடிக்கு என்ன ஆச்சுங்கறது. அவங்ககிட்ட பாலிசி கிடையாது. கட்டடத்துக்கு ஆன சேதத்தை ஓனரோட இன்ஷூரன்ஸ் கம்பெனி ஓனருக்குக் கொடுத்தது. ஆறு மாசம் கழிச்சு அதே கம்பெனிகிட்டேர்ந்து இந்தப் பையனுக்கு ஒரு லெட்டர். 'தீ உங்க கவனக்குறைவால வந்தது. நாங்க எங்க வாடிக்கையாளருக்குக் கொடுத்ததை உங்ககிட்டேர்ந்து வசூலிக்கற உரிமை எங்களுக்கு இருக்கு'ங்கறதுதான் சாரம். தொகை 18,000 டாலர். இதுக்கு சப்ரொகேஷன்னு பேர். வாடகைக்கு இருக்கறவர்கிட்ட இப்படிக் கேட்க முடியுமாங்கறது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், லீஸ்ல என்ன எழுதியிருக்குங்கறதைப் பொறுத்தும் மாறும். இவர் கையெழுத்துப் போட்ட லீஸ்ல, தன்னால வர்ற சேதத்துக்குத் தானே பொறுப்புன்னு தெளிவா இருந்தது. வக்கீல்கிட்ட பேசி, தொகையைக் கொஞ்சம் குறைச்சு, மூணு வருஷத் தவணையில கட்டினார். ஊர்ல தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்துக்கிட்டிருந்த பையன் அவர். பின்னாடி ஒரு தடவை கோவில்ல பார்த்தப்போ சிரிச்சுக்கிட்டே சொன்னார், "மூணு வருஷம் வடைக்கு இ.எம்.ஐ. கட்டினேங்க"ன்னு. அந்தப் பொண்ணு சிரிக்கலை.

இந்த 18,000 டாலரைத்தான் லயபிலிட்டி பகுதி பார்த்துக்கும். வழக்குன்னு வந்தா வக்கீலையும் கம்பெனியே வைக்கும். அமெரிக்காவுல வீடுகள்ல தீ பிடிக்க முதல் காரணமே சமையல்தான். தாளிக்கறதும் பொரிக்கறதும் இல்லாம நமக்குச் சமையல் ஏது? நாலு பாத்திரம்தான் இருக்குன்னு சொல்றோமே, அந்த நாலுல ஒண்ணு வாணலி.

இப்போ அக்கா பையன் கதைக்கு வர்றேன். டெக்சாஸ்ல ரெண்டர்ஸ் இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆகணும்னு சட்டம் எதுவும் இல்லை. ஆனா ஓனர் லீஸ்ல கட்டாயமாக்கலாம், நிறைய பேர் ஆக்கறாங்க. இவன் அபார்ட்மென்ட்ல ஒரு வழி சொன்னாங்களாம்: "நீங்க எடுக்கலைன்னா பரவாயில்லை, வாடகையோட மாசம் 12 டாலர் சேர்த்துக்கறோம்." வேலை சுலபமா முடிஞ்சுதுன்னு பையன் சந்தோஷப்பட்டான். அந்தப் பேப்பரை அனுப்பச் சொல்லி வாங்கிப் படிச்சேன். அந்த 12 டாலர், கட்டடத்துக்குச் சேதம் வந்தா ஓனரைக் காப்பாத்தறதுக்கு மட்டும். பையனோட பொருளுக்கு ஒரு பைசா கிடையாது, ஹோட்டலும் கிடையாது. தனியா வெளியில கேட்டதுல, மூணு பகுதியும் சேர்த்து மாசம் 16 டாலருக்குக் கிடைச்சுது. நாலு பசங்க, ஆளுக்கு ஒரு பாலிசி. நாலாவது பையனைச் சம்மதிக்க வைக்க மேலே சொன்ன மார்க் ஷீட் கதையைச் சொல்ல வேண்டியதாப் போச்சு.

பாலிசி வாங்கறப்போ பார்க்க வேண்டியது ரெண்டு. முதலாவது, பொருளுக்கு எந்த விலை கொடுப்பாங்க? ஆக்சுவல் கேஷ் வேல்யூன்னு இருந்தா பழசு ஆனதைக் கழிச்சுட்டுத்தான் தருவாங்க. 800 டாலர் சோஃபா, பத்து வருஷம் உழைக்கும்னு வச்சுக்குவோம். அஞ்சு வருஷத்துல போனா அதோட மதிப்பு 400. டிடக்டிபிள், அதாவது முதல்ல நம்ம கையிலேர்ந்து போடற பணம், 500ன்னா கைக்கு வர்றது பூஜ்யம். அவ்வ்வ்வ். ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்னு இருந்தா, அதே மாதிரி புதுசு வாங்க ஆகற விலை கணக்கு. ரெண்டுக்கும் பிரீமியத்துல பெரிய வித்தியாசம் இருக்காது, கேட்டு வாங்குங்க.

ரெண்டாவது, தங்கம். நம்ம ஜனங்க விஷயத்துல இது தனி அத்தியாயம். உங்க பொருட்களுக்கு மொத்தம் 30,000 டாலர் கவரேஜ் இருக்கலாம். ஆனா நகை திருடு போனா சாதாரண பாலிசியில ஒரு தனி உச்சவரம்பு உண்டு, பெரும்பாலும் 1,500 டாலர். இன்னிக்கு விக்கற விலையில அது ரெண்டு பவுனுக்கே பத்தாது. தாலிக்கொடி, வளையல், பாட்டி கொடுத்த அட்டிகை எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் அந்த 1,500. நகையை மதிப்பிட்டு எழுதி வாங்கி, ஒவ்வொண்ணா பாலிசியில தனியாப் பட்டியல் போட்டுச் சேர்க்கலாம். கூடுதலாப் பணம் ஆகும். இல்லேன்னா பேங்க் லாக்கர். சும்மா பயமுறுத்தலைங்க. 2011லேர்ந்து 2014 வரைக்கும் ஒரு கும்பல் ஜார்ஜியா, நியூயார்க், ஒஹையோ, மிச்சிகன், டெக்சாஸ்னு பல மாநிலங்கள்ல ஆசிய, இந்தியக் குடும்பங்களோட வீடுகளாப் பார்த்துக் கொள்ளையடிச்சுது. அதோட தலைவிக்கு 2019ல மிச்சிகன்ல இருக்கற ஃபெடரல் கோர்ட் 37 வருஷம் ஜெயில் தண்டனை கொடுத்தது. நம்ம வீட்டுல தங்கம் இருக்கும்னு நம்மளை விட அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

சரி, இனி சொந்த வீடு. ஹோம் லோன் வாங்கினா ஹோம்ஓனர்ஸ் இன்ஷூரன்ஸ் இல்லாம பேங்க் விடாது. பெரும்பாலும் மாசத் தவணையோட சேர்த்து வசூல் பண்ணி அவங்களே கட்டிடுவாங்க. அதனால பல பேர் அந்தப் பாலிசியைத் திறந்துகூடப் பார்க்கறதில்லை. நாங்க 2014ல வீடு வாங்கினப்போ தங்கமணி கேட்ட முதல் கேள்வி: "வீட்டோட விலை ஒண்ணு, பாலிசியில இருக்கற தொகை வேற ஒண்ணு. ஏமாத்தறாங்களா?" இல்லை. இன்ஷூரன்ஸ் பண்றது வீட்டைத் திரும்பக் கட்ட ஆகற செலவுக்கு. நிலம் எரியாது, அதுக்கு எதுக்குப் பிரீமியம்? ஆனா மரம், கூலி எல்லாம் விலை ஏற ஏற அந்தத் தொகை போதுமான்னு வருஷா வருஷம் பார்த்துக்கணும்.

டிடக்டிபிளும் இங்கே வேற மாதிரி. வாடகை வீட்டுல 500, 1,000ன்னு இருக்கும். டெக்சாஸ் வீட்டு பாலிசிகள்ல வீட்டுத் தொகையில 1 சதவீதம், 2 சதவீதம்னு போடறது சகஜம், முக்கியமா காத்துக்கும் ஆலங்கட்டி மழைக்கும். 1 சதவீதம்தானேன்னு தோணும். 320,000 டாலர்ல அது 3,200.

அந்த 3,200ஐக் கட்டற நாள் எனக்கு 2021 பிப்ரவரியில வந்தது. அந்தக் குளிரை டெக்சாஸ்காரங்க யாரும் மறக்க மாட்டாங்க. பிப்ரவரி 16 அன்னிக்கு டாலஸ் ஏர்போர்ட்ல ஃபாரன்ஹீட்ல மைனஸ் 2, நம்ம கணக்குல மைனஸ் 19 டிகிரி. மாநிலம் முழுக்க 45 லட்சம் வீடுகளுக்கு மேல கரண்ட் போச்சு. குளிராலும் அதோட விளைவுகளாலும் செத்தவங்க 246 பேர்னு மாநில சுகாதாரத் துறை கணக்குச் சொல்லுச்சு. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுக் கதை ஒண்ணுமே இல்லை. ரெண்டு நாள் கரண்ட் இல்லாம பிள்ளைங்களோட ஒரே ரஜாய்க்குள்ள கிடந்தோம். மூணாம் நாள் கரண்ட் வந்து, வீடு கொஞ்சம் சூடாகி, அப்பாடான்னு காபி போடறப்போ மாடிப்படி மேல 'டப்'புன்னு ஒரு சத்தம். இந்த ஊர்ல தண்ணிக் குழாயைக் கூரைக்குக் கீழே, அட்டிக் வழியா கொண்டு போவாங்க. உறையறப்போ விரிசல் விடும், உருகறப்போதான் பீச்சியடிக்கும். தங்கமணி வீட்டுல இருந்த அண்டா குண்டான் அத்தனையும் கீழே வச்சாங்க. நான் வாசல்ல மீட்டர் பெட்டிக்கு ஓடி மெயின் வால்வை மூடினேன். உங்க வீட்டு வால்வு எங்க இருக்கு, அதைத் திருப்பற சாவி எங்க இருக்குன்னு இன்னிக்கே பார்த்து வச்சுக்கங்க. ஃபயர் சர்வீஸ் வர்ற வரைக்கும் கொட்டின 2009 தண்ணி எனக்கு நல்லா ஞாபகம் இருந்தது.

கிளெயிம் போட்டதும் அவங்க கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல ஹீட்டர் போட்டிருந்தீங்களா?" உறைஞ்சு வெடிச்ச குழாய்க்குப் பணம் தரணும்னா, நாம வீட்டைச் சூடா வச்சிருக்க முயற்சி பண்ணியிருக்கணும், இல்லேன்னா தண்ணியை மூடிக் குழாயைக் காலி பண்ணியிருக்கணும். கரண்ட் போனது நம்ம கையில இல்லை. ஆனா குளிர்காலத்துல ஹீட்டரையும் அணைச்சுட்டு ஒரு மாசம் ஊருக்குப் போயிருந்தோம்னா பேச்சே வேற.

சேதத்துக்கு அவங்க போட்ட கணக்கு 14,000 டாலர். முதல்ல வந்த செக் 8,300. ஙேன்னு முழிக்காதீங்க. பழசானதுக்கு 2,500 நிறுத்தி வச்சாங்க, 3,200 டிடக்டிபிள். வேலையை முடிச்சு ரசீதுகளை அனுப்பின பிறகு அந்த 2,500 வந்தது. ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட் பாலிசின்னா இப்படி ரெண்டு தவணையாத்தான் வரும். முதல் செக்கைப் பார்த்துட்டு, இவ்வளவுதான் போலன்னு நிறைய பேர் மீதியைக் கேக்காமலே விட்டுடறாங்க. செக்ல லோன் கொடுத்த பேங்க் பேரும் சேர்ந்து இருக்கலாம், அப்போ அவங்க கையெழுத்தும் வேணும். "டிடக்டிபிளை நாங்க பார்த்துக்கறோம் சார்"னு வர்ற கான்ட்ராக்டர்களை அப்படியே திருப்பி அனுப்புங்க. டெக்சாஸ்ல 2019லேர்ந்து அது சட்டப்படி குற்றம்.

கடைசியா ஒண்ணு. நான் சொன்ன ரெண்டு கதையிலும் தண்ணி மேலேர்ந்து வந்தது. தரையிலேர்ந்து வந்திருந்தா கதை கந்தல். ஆறு பொங்கியோ, மழைத் தண்ணி தேங்கியோ வீட்டுக்குள்ள வந்தா அது வெள்ளம். சாதாரண ரெண்டர்ஸ் பாலிசியிலும் ஹோம்ஓனர்ஸ் பாலிசியிலும் வெள்ளம் கிடையாது. 2017 ஆகஸ்ட்ல ஹார்வி புயல் ஹூஸ்டன் பக்கம் சில இடங்கள்ல 50 அங்குலத்துக்கு மேல கொட்டினப்போ, தண்ணி புகுந்த வீடுகள்ல பெரும்பாலானதுக்கு வெள்ளக் காப்பீடு இல்லை. அதுக்குன்னே 1968லேர்ந்து மத்திய அரசோட தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. வீட்டுக்கு 250,000 டாலர் வரைக்கும், பொருளுக்கு 100,000 வரைக்கும். வாடகைக்கு இருக்கறவங்களும் பொருளுக்கு மட்டும் எடுக்கலாம். ஆனா சாதாரணமா எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழிச்சுத்தான் அமலுக்கு வரும். டி.வி.யில புயல் படம் வந்த பிறகு போன் பண்ணிப் பிரயோஜனம் இல்லை.

நம்ம ஊர்ல பக்கத்து வீட்டுல தீ பிடிச்சா தெருவே குடத்தைத் தூக்கிட்டு ஓடி வரும். நாம பத்த வச்சதாவே இருந்தாலும் நாலு நாள் திட்டுவாங்க, அப்புறம் சேர்ந்து கூரை போட்டுக் கொடுப்பாங்க. இங்க லெட்டர் வரும். அந்த லெட்டர் வர்ற அன்னிக்கு நம்ம பக்கம் யாராவது நிக்கணும்னா, அதுக்குத்தான் இந்த மாசம் 16 டாலர். நாலு பாத்திரத்துக்காக இல்லை.

இந்தச் சனிக்கிழமை ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. செல்போனை எடுத்துக்கிட்டு ரூம் ரூமா போய், அலமாரியைத் திறந்து, எல்லாத்தையும் வீடியோ எடுங்க. லேப்டாப்பைத் திருப்பி சீரியல் நம்பரும் எடுங்க. அந்த வீடியோவை வீட்டுக்கு வெளியில, இன்டர்நெட்ல எங்கேயாவது போட்டு வைங்க. சர்ட்டிஃபிகேட் ஸ்கேனையும் அதோட சேர்த்து.

டிஸ்கி: நான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் இல்லை, எந்தக் கம்பெனியும் எனக்குக் கமிஷன் தரலை. மாநிலத்துக்கு மாநிலம், பாலிசிக்குப் பாலிசி விதி மாறும். உங்க பாலிசியை நீங்களே ஒரு தடவை முழுசாப் படிங்க. தூக்கம் வராத ராத்திரிக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது :-)